ஒன்பது நாள் வரவு

எங்கள் பாடநெறியை மதிப்பீடு செய்யவேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்த அன்று, துறைத் தலைவர் அதை என் மேசையில் போட்டுவிட்டு, "பிள்ளை, இது உமக்குத்தான் சரிவரும். எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி வைக்கிற விசர் இந்தத் துறையில உமக்கு மட்டும்தான் இருக்கு" என்றார். அது புகழ்ச்சியா ஏச்சா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சமாதானப் பேச்சு முறிந்து மறுபடியும் யுத்தம் தொடங்கியிருந்த காலம் அது. கண்டி நகரில் இருந்த ஓர் உயர்கல்வி நிறுவனத்தில், தமிழ்மொழி மூலம் பட்டம் படித்த மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் பாடநெறியில் ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். இதை மூடிவிட்டால் என்ன என்ற யோசனை மேலிடத்தில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டில் நல்ல தரம் வந்தால் தப்பலாம், வராவிட்டால் அடுத்த வருடம் புதிய மாணவர்களை எடுக்கமாட்டார்கள். தலைவருக்கு அந்தப் பயம்தான், எனக்கும் அதே பயம்தான்.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. அம்மாவுடன் தொலைபேசியில் கதைத்தால் சுகமா என்று கேட்கும்போதே அறுந்துவிடும். நாட்டில் எதுவும் என் கையில் இல்லாத நேரத்தில், முப்பது பொக்ஸ் ஃபைல்களுக்கு நிறம் நிறமாக லேபல் ஒட்டி அலுமாரியில் வரிசையாக நிறுத்தும் அதிகாரம் எனக்குக் கிடைத்தது. பச்சை நிறம் படிப்பித்தலுக்கு, நீலம் மாணவர் நலனுக்கு, மஞ்சள் நிர்வாகத்துக்கு. மாலையில் வீட்டுக்குப் போகுமுன் அலுமாரிக் கதவைத் திறந்து ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கடிதத்தோடு ஒரு வழிகாட்டிப் புத்தகமும் வந்திருந்தது. நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் சான்று இருக்கவேண்டும் என்று அது பக்கத்துக்குப் பக்கம் மிரட்டியது. முதலில் மாட்டியது துறைக் கூட்ட அறிக்கைகள். நாங்கள் கூட்டம் என்று எதையும் கூட்டியதே இல்லை. கன்டீனில் தேநீருக்கு முன் பேச்சைத் தொடங்கி, கோப்பை காலியாகும்போது தீர்மானித்துவிடுவோம். ஆகவே மூன்று வருடக் கூட்டங்களை நான் ஒரே வாரத்தில் எழுதினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாக வாசித்தார்.

"இந்தக் கூட்டத்தில நான் ஏன் ஒண்டும் கதைக்கேல்ல?"

"அண்டைக்கு நீங்கள் வரேல்ல சேர். லீவு."

"அப்ப வராததுக்கு மன்னிப்புக் கேட்டனானோ?"

"கேட்டனீங்கள். ரெண்டாம் பந்தியில கிடக்கு."

"ம். அது நல்லது" என்று திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். நடக்காத கூட்டத்துக்கு வராமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். நான் சிரித்தேன். பிறகு அடுத்த வருடத்தை எழுதத் தொடங்கினேன்.

பெரிய தலையிடி மாணவர் வரவுதான். எண்பது வீதம் வரவு இருந்தால்தான் சோதனை எழுதலாம். வராத நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்றை மட்டும்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் வராத நாட்களில் அவர்களுக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் போர்டிங் வீடு இருந்த ஒழுங்கையை ராணுவத்தினர் சுற்றிவளைத்திருப்பார்கள். இன்னொருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டு, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவர்களைத் தனியாக நிறுத்தியிருப்பார்கள். சுற்றிவளைத்தவர்கள் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. எனவே பிள்ளைகள் நகரத்தில் ஓர் இளகிய மனசுக்கார டொக்டரிடம் போனார்கள். அவர் எல்லோருக்கும் வயிற்றோட்டம் என்றே எழுதிக் கொடுத்தார். மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றவனுக்கு ஒருநாள் வயிற்றோட்டம், இரவு முழுக்க வைத்திருந்து விட்டவனுக்கு மூன்று நாள் வயிற்றோட்டம்.

நீல ஃபைலில் இருந்த அந்தச் சான்றிதழ்களைப் புரட்டிய தலைவரின் முகம் கறுத்தது. "உதைப் பாத்தா மதிப்பீட்டுக் குழு என்ன நினைக்கும்? கன்டீனை மூடச் சொல்லுவினம். பிறகு நாங்கள் தேத்தண்ணிக்கு எங்க போறது?"

அடுத்த வகுப்பில் நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன்: "இனிமேல் எனக்கு வயிற்றோட்டம் வேண்டாம். வரவுதான் வேணும். இடாப்பு சுத்தமா இருக்கவேணும்." வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் சொன்னதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. கையெழுத்துத் தாள் முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்குக் கைமாறிப் போகும் வழியில், பஸ் தவறியவனுக்காக நண்பன் ஒரு கோடு இழுத்துவிடுவது எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். விரிவுரையாளர்கள் அந்த நேரம் பார்த்துக் கரும்பலகையை அழிப்பார்கள், நானும் அழித்திருக்கிறேன். அன்றிலிருந்து வரவு மடமடவென்று ஏறி, எங்கள் ஃபைல்களிலேயே மிக அழகானதாக வரவு இடாப்பு ஆகிவிட்டது.

இந்த வழக்கத்தில் சேராதவன் ஒருத்தன் இருந்தான். வத்தேகமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இறுதி வருட மாணவன். மகா நச்சரிப்புக்காரன். நான் வசனம் எழுதி முடிக்குமுன்னே கை உயரும், "மிஸ், ஒரு சின்ன விசயங்க" என்பான். ஒருமுறை விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுவந்து, "கூட்டல் பிழைங்க மிஸ். ரெண்டு மார்க் கூடப் போட்டுட்டீங்க" என்றான். பிள்ளைகள் மார்க் கேட்டு வந்து நிற்பார்கள், திருப்பிக் கொடுக்க வந்தவனை அன்றுதான் கண்டேன். குறைத்துக் கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனான். தனக்காக யாரும் கையெழுத்து வைத்தால் அதை வெட்டிவிடுவான். அதற்குத் தேவையும் வந்ததில்லை, அவன் ஒருநாளும் வராமல் விட்டதில்லை.

அவனை நம்பித்தான் ஒரு பொறுப்பைக் கொடுத்தேன். மாணவர் கருத்தறியும் படிவம் ஒன்றைத் தயாரித்திருந்தேன். பாடங்கள் எப்படி, நூலகம் எப்படி, வசதிகள் எப்படி என்ற கேள்விகள். தலைப்பிலே, உங்கள் பெயரை எழுதவேண்டாம், யார் என்ன எழுதினார் என்பது எவருக்கும் வெளியிடப்படமாட்டாது என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். எண்ணிச் சரிபார்த்துத் திங்கட்கிழமை கொண்டுவருவதாக அவன் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோனான்.

திங்கட்கிழமை படிவம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்கு வேறு வேலைகள் இருந்தன, அவனுடைய வகுப்பும் வாரத்தில் இரண்டு தடவைதான். அந்த இரண்டு வகுப்பும் தடங்கலில்லாமல் ஓடின. யாரும் கை உயர்த்தவில்லை. நான் நினைத்த இடம் வரைக்கும் பாடத்தைக் கொண்டுபோய் முடித்தேன். பின்வாங்கை எட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அந்த வாரத்துக்கான என் குறிப்பில், வகுப்பு மிகவும் சிறப்பாக நடைபெற்றது என்று எழுதி வைத்தேன். அதை எழுதிய கை இதே கைதான், இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, அவனுடைய அக்கா துறைக்கு வந்தாள். நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மிஸ், தம்பி போன கெழம லீவுக்கு வீட்டுக்கு வரலீங்க. வேல இருக்கும்னு சும்மா இருந்துட்டோம். நேத்து போர்டிங்ல கேட்டா, அவன் வீட்டுலதானே இருக்கான்னு எங்கள கேக்குறாங்க. இங்க வர்றானாங்க?"

"ஒரு நிமிசம்" என்று நான் இடாப்பை எடுத்தேன். எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்திருக்கும், கேட்ட உடனே எடுத்துக் காட்ட என்னிடம் சான்று இருந்தது. "இங்க பாருங்கோ. போன கிழமை திங்கள் தொடக்கம் நேற்று வரைக்கும் ஒன்பது நாளும் வந்திருக்கிறார். ஒருநாளும் விடேல்ல."

அவள் அந்தக் கையெழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "அப்ப நல்லா இருக்கானா?" என்றாள். "இருக்கார்" என்றேன். அவள் அப்படியே கதிரையில் விழுந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வரட்டும், செருப்பாலேயே அடிக்கிறேன் என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவனைக் கையோடு கூட்டிவந்து தருகிறேன் என்று சொல்லி, இடாப்பையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

வகுப்பில் அவன் இல்லை. எங்கே என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் மேசையைப் பார்த்தது. இடாப்பைத் தூக்கிக் காட்டி, நேற்று வந்தவர் இன்றைக்கு எங்கே என்று இன்னும் உரத்துக் கேட்டேன். அப்போது கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் முஸ்லிம் மாணவி ஒருத்தி எழும்பினாள்.

"நான்தான் மிஸ் வெச்ச."

"எதை?"

"சைன. ஒம்பது நாளும் நான்தான் வெச்ச. அந்தத் திங்கக்கெழம நானும் அதே பஸ்லதான் மிஸ். பாலத்துல எல்லாரையும் எறக்கின. அவர்ட பேக்கத் தொறந்து பாத்து, அந்த ஃபோர்ம் கட்ட எடுத்து, இது யார் யார் எழுதினண்டு கேட்ட. அவர் பேர் செல்ல மாட்டேண்டு நின்ட. பொறகு பொலிஸ் ஜீப்புல ஏத்தின. வாப்பா ஒருத்தருக்கும் செல்ல வாணாமுண்டு செல்லிட்டாங்க. எனக்கு வேற என்ன செய்ய ஏலும் மிஸ்? எக்ஸாமாச்சும் எழுதட்டுமேண்டுதான்."

எனக்குப் பின்னால் அக்கா நின்றாள். ஐந்து நிமிடத்துக்கு முன் அவளுடைய தம்பியை நான்தான் கொடுத்தேன், இப்போது அவள் கண்முன்னே பறித்துக்கொண்டேன். நாற்பது பேர் பெயரில்லாமல் தமிழில் எழுதிய தாள்களை ஒருவனிடம் கட்டிக் கொடுத்து அந்தப் பாலத்தால் அனுப்பியவள் நான். யார் எழுதியது என்று அவன் சொல்லாததற்குக் காரணம், சொல்லக்கூடாது என்று தடித்த எழுத்தில் நான் அடித்திருந்ததுதான். அவ்வளவு பெரிய எழுத்தில் அடித்த எனக்கு, அந்தப் பாலத்தில் என்ன நடக்கும் என்பது ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

தலைவரிடம் ஓடினேன். அவர் முந்திய கலவரமொன்றில் ஒரு சூட்கேசோடு வீட்டை விட்டு வெளியேறியவர். பொலிஸ் நிலையம் இருக்கும் தெருவால்கூடப் போகமாட்டார். ஆனாலும் உடனே எழும்பினார். "இடாப்பையும் எடுத்துக்கொண்டு வாரும். ஒழுங்கா வகுப்புக்கு வாற பிள்ளை எண்டு காட்டலாம்."

"சேர், கடைசி ஒன்பது நாளும் பொய்."

"அந்தப் பக்கத்தைக் காட்டாதையும்."

அந்தப் பொலிஸ் நிலையம் எதுவென்று சொல்லமாட்டேன். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் குந்தியிருந்து பூச்சட்டிகளைச் சுற்றி வைத்த கற்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பொறுப்பதிகாரி எழுந்து நின்று வரவேற்றார், சிங்களத்தில்தான் பேசினார். "மன்னிக்கவேண்டும், எங்கும் பெயின்ட் வாசம். அடுத்த வாரம் எங்களுக்கு இன்ஸ்பெக்ஷன்."

"எங்களுக்கும் அடுத்த வாரம்தான்" என்றார் தலைவர்.

"ஐயோ" என்றார் அதிகாரி, உண்மையான இரக்கத்தோடு. தேநீர் வரவழைத்தார். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் புத்தகங்களை மட்டுமே பார்க்கிறார்கள், வேலையைப் பார்ப்பதில்லை என்று இருவரும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். நான் இடாப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகத் தலைவர் விசயத்துக்கு வந்தார். அவன் எங்கள் மாணவன், அந்தப் படிவங்கள் எங்கள் மதிப்பீட்டுக்குரியவை, ஒழுங்கான பிள்ளை. "சான்று இருக்கிறதா?" என்றார் அதிகாரி. இந்தச் சொல் எனக்குப் பழக்கமானதுதான். இடாப்பை நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவன் பெயரைத் தேடி, பேனையின் முனையை ஒன்பது கட்டங்களிலும் வைத்து வைத்து எடுத்தார்.

"நேற்றும் வகுப்பில் இருந்திருக்கிறார்."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைத்தான் சொல்லப்போனேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். தலைவருக்கு இருமல் வந்தது. நிற்காத இருமல்.

அதிகாரி தன் மேசையிலிருந்த பெரிய புத்தகத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். "எங்கள் புத்தகத்தின்படி, இவர் விசாரணைக்காக நேற்று மாலைதான் இங்கே வந்திருக்கிறார். அதற்கு முன்னால் எங்களிடம் இல்லை." பிறகு எங்கள் இடாப்பைத் தட்டினார். "உங்கள் புத்தகத்தின்படி நேற்றுப் பகல் வரைக்கும் உங்களிடம் இருந்திருக்கிறார். இரண்டும் சரியாகப் பொருந்துகிறது. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

வழிகாட்டிப் புத்தகத்தில் ஓர் அறிவுரை உண்டு. எந்தத் தகவலையும், தொடர்பில்லாத இரண்டு இடங்களிலிருந்து உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும். எங்கள் பாடநெறியைப் பற்றிய ஒன்றாவது அப்படி உறுதியானது என்றால் அது இதுதான். சனி ஞாயிறும் சேர்த்துப் பதினொரு நாள் அவனைப் புத்தகத்தில் எழுதாமல் வைத்திருந்த அதிகாரிக்கு, அந்த நாட்களில் அவன் வேறு இடத்தில் இருந்தான் என்று முத்திரையோடு ஒரு தாள் தேவைப்பட்டது. என்னிடம் அது இருந்தது.

"இந்தப் பக்கத்தின் பிரதியொன்று வேண்டும். உண்மைப் பிரதி என்று நீங்கள் உறுதிப்படுத்தித் தந்தால் இன்றைக்கே கூட்டிப் போகலாம்" என்றார். தலைவர் காற்சட்டைப் பையிலிருந்து துறை முத்திரையை எடுத்தார். அதை அவர் ஏன் பையில் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

படிவக் கட்டையும் திருப்பித் தந்தார்கள். துளையிட்டு, இலக்கமிட்டு, மேலே ஒரு சுருக்கத் தாளும் வைத்து நூலால் கட்டியிருந்தது. ரகசியச் செய்தி எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு கேள்விக்கும் விடைகளைத் தனித்தனியாகத் தொகுத்திருந்தார். நான் இரண்டு வாரத்தில் செய்யவிருந்த வேலை அது. "பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாமே" என்றார் அதிகாரி கண்டிப்பாக. "முதலில் அதைப் போடுங்கள் மிஸ்." ஓம், போடுகிறேன் என்று தலையாட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேநீர்க் கோப்பையை அவர் மேசையில் கவிழ்த்திருக்கவேண்டும். குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன்.

அவன் வெளியே வந்தான். சட்டை அதே திங்கட்கிழமைச் சட்டை. அக்கா வாசலில் நின்றாள். செருப்பால் அடிக்கவில்லை, அவன் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான் ஏதோ கேட்டேன். அவன் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் பேசுங்க மிஸ்" என்றான். இடது காதுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். தனக்காக ஒன்பது நாள் கையெழுத்து வைத்தவளோடு சண்டை எதுவும் போடவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என் மேசைக்கு வந்தான்.

"மிஸ், அந்த ஒம்பது நாளும் நான் வரலன்னு போட்டுருங்க."

நான் அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். குண்டுப் புரளியால் இரண்டு தடவை நிறுவனத்தை மூடியதில் அந்தத் தவணை நாற்பது நாள்தான் வகுப்பு நடந்தது. ஒன்பதைக் கழித்தால் எண்பது வீதத்துக்குக் கீழே போய்விடும், சோதனை எழுதமுடியாது. அதோடு முத்திரை குத்திய பிரதி பொலிஸில் இருக்கிறது. இங்கே மாற்றினால் அங்கே பொருந்தாது, மறுபடி கூப்பிடுவார்கள். மற்றது, புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது எனக்கே கேட்டது.

அவன் எல்லாவற்றையும் வலது காதால் கேட்டான். "வெளங்குதுங்க மிஸ். ஆனா அவங்க புஸ்தகத்துல நான் அங்க இல்ல. இங்க இருந்தேன்னு நம்ம புஸ்தகத்துல இருக்கு. நான் இங்க இல்லையே மிஸ். ஒரு எடத்துலயாச்சும் சரியா இருக்கணும்ல. இல்லன்னா எனக்கே ஒருநாளு சந்தேகம் வந்துரும்."

"சோதனை முடியட்டும். பிறகு பாப்பம் தம்பி" என்றேன். பிறகு பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். அவனுடைய பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதி உண்மை. மறுபாதி, அந்த இடாப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது, அதில் ஒன்பது சிவப்புக் கோடு போட எனக்கு மனம் வரவில்லை.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நல்ல தரம் கிடைத்தது. பாடநெறியை மூடவில்லை. மாணவர் கருத்துகளைத் தொகுத்திருந்த முறையைக் குழு தனியாகப் பாராட்டியிருந்தது. அவனும் சோதனை எழுதிச் சித்தியடைந்தான். கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டோம். ஆகவே இனிச் சொல்லப்போவதால் யாருக்கும் எந்த நட்டமும் வரவில்லை.

புதன்கிழமை கொழும்பிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். இருவரும் வயதானவர்கள், நல்ல மனிதர்கள், இருவருக்கும் தமிழ் தெரியாது. மாணவர்களோடு பேசுவதற்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். பேசக்கூடிய ஆறு பேரை நானே தெரிவுசெய்து வைத்திருந்தேன், அவனை வைக்கவில்லை. ஆனால் மூத்தவர் வரவு இடாப்பைப் புரட்டிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றார். இப்படிப்பட்ட காலத்தில் ஒரேயொரு வெள்ளிக்கிழமையைத் தவிர ஒருநாளும் தவறவிடாத மாணவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பார்க்கவேண்டும் என்றார். ஆளனுப்பிக் கூப்பிட்டோம். வந்து, வலது காது எங்கள் பக்கம் இருக்கும்படி கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"இத்தனை கஷ்டத்திலும் நாள் தவறாமல் எப்படி வந்தீர்கள் என்று கேட்கிறார்" என்றேன் தமிழில்.

"நான் ஒம்பது நாள் வரலைங்க. பொலிஸ்ல இருந்தேன். அந்தக் கையெழுத்து என்னோடது இல்ல" என்றான்.

பேராசிரியர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எவ்வளவு இடைஞ்சல் வந்தாலும் வகுப்பைத் தவறவிட மனமில்லை என்கிறார்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வருடமாக அவனுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான், நான் சொன்னது அவனுக்கு விளங்காமல் இருக்க வழியே இல்லை. பிறகு அவன் அவர்கள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் ஒன்பது நாள் வரவில்லை. நான் பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். என்னால் வரமுடியவில்லை. எழுவாய், பயனிலை, இறந்தகாலம், எல்லாம் சரியாக இருந்தன.

மூத்தவரின் பேனை நின்றது. மற்றவர் யன்னலைப் பார்த்தார். அவர்களுக்கும் விளங்கியது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் அது விளங்காத மனிதர் யார்? பக்கத்தில் இருந்த தலைவருக்கு இம்முறை இருமல் வரவில்லை. பிறகு மூத்தவர் மெல்லச் சிரித்து, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இவருடைய ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது. நீங்கள்தானே படிப்பிக்கிறீர்கள்?"

"ஓம் சேர்."

அவர் அதைத் தன் தாளில் எழுதினார். நான் நன்றி சொன்னேன்.